மெட்புளொட்லிப்பே, நீ வாழ்க

பைத்தன் நிரலில் தரவுக்குக் கோடு கீற வந்தவர் எவரும் உன் வாசலைத்தான் முதலில் மிதிப்பார். ஜோன் ஹன்டர் 2003இல் உன்னை வெளியிட்டார். மூளையின் மின்னலைகளைப் பார்க்கப் பிறந்த நீ, 2019இல் கருந்துளையின் படத்துக்கும் கைகொடுத்தாய். ஒரு சதம் கேட்டதில்லை.

மடுல்கெல்லைத் தேயிலைத் தோட்டத்தின் கொழுந்து மடுவத்துச் சுவரில் ஒட்ட ஒரு படம் வேண்டும். எந்த மலையில் எந்த நாள் எத்தனை கிலோ, அவ்வளவுதான். எங்களிடமுள்ள பதிப்பில் தலைப்பைத் தமிழில் கொடுத்தால், நிரை பிடித்து நட்ட கன்றுபோல ஒரே அளவான வெற்றுப் பெட்டிகளைத் தருவாய். உன் கையிருப்பு எழுத்துருவான டெஜாவு சான்ஸில் தமிழ் இல்லை. அதை நீ ஒளித்ததுமில்லை: தமிழுக்கு ஆதரவில்லை என்று எச்சரிக்கையிலேயே சொல்லிவிடுவாய். அந்த எச்சரிக்கைப் பட்டியலில் சிங்களமும் உண்டு. இலங்கையில் இரண்டு மொழியையும் ஒரே தட்டில் வைத்தவன் நீ!

தமிழ் எழுத்துருவை நாமே கொண்டுவந்து கொடுத்தால் உன் நேர்மை இன்னும் துலங்கும். ‘மடுல்கெல்லை’யில் வரும் ‘கெ’ யூனிகோட்டில் முதலில் க, பிறகு கொம்பு. அந்த வரிசையை நீ அணுவும் மாற்றமாட்டாய். க முன்னே நிற்க, கொம்பு பின்னே போய் அடுத்த ‘ல்’லின் மேல் சாயும். ‘டு’வில் ட ஒரு பக்கம், உகரம் ஒரு பக்கம். ஊர்ப் பெயரே உடைந்தாலும் கொடுத்த வரிசை உடையாது.

சன்னல் கட்டும் கியூட்டுக்கு இந்த உறுதி ஏது? எழுத்துகளை அடுக்கித் தரும் ஹார்ஃப்பஸ் சொன்னபடி கொம்பை முன்னால் இழுத்துப் போட்டு, பைசைட் சன்னலில் சரியாக எழுதிவிடும். உன்னைப்போல் படம் வரையும் பிளொட்லியோ வேலையை உலாவியிடம் தள்ளிவிட்டு நல்ல பெயர் வாங்கும். உனக்காக வரைந்து தரும் எம்பிஎல்கெய்ரோவைப் பக்கத்தில் இருத்தினால் நீயும் பிழையின்றி எழுதுவாய். அதைத் தேடிப் பிடிக்கும் பயிற்சியைப் பெருந்தன்மையோடு எங்களுக்கே விட்டாய்.

உன் நிறங்களின் தெளிவை மறக்கலாமா? கேட்காமலே முதற்கோடு நீலம், அடுத்தது செம்மஞ்சள். கணக்கப்பிள்ளை பென்சிலால் கிறுக்கிய மலைப் பெயரையும் தடுக்காமல் வாசிக்கும் கொழுந்து பறிக்கும் அக்காமார், உன் படத்தின் முன் நின்று, “அந்த நீலம் எங்க மலையா தம்பி?” என்று கேட்பார்கள்.