நட்சத்திரம் போட்ட ஜீப்

கேள்வி: பக்கத்துத் தோட்டத்துக்காரர் பழைய ஜீப் ஒன்றை வாங்கிப் பச்சை பெயின்ட் அடித்து, பானெட்டில் வெள்ளை நட்சத்திரமும் போட்டு, 'இரண்டாம் உலகப் போரில் ஓடிய அமெரிக்க வண்டி' என்கிறார். நம்பலாமா?
- ஒரு வாசகர், செம்மேடு, கொல்லிமலை

பதில்: நட்சத்திரத்தை விடுங்கள், அதற்கு அரை டப்பா பெயின்ட் போதும். முன்பக்க கிரில்லில் உள்ள நெட்டுப் பிளவுகளை எண்ணுங்கள். தகட்டில் வெட்டிய போர்க்கால கிரில்லுக்கு ஒன்பது; போருக்குப் பின் வந்த சிவிலியன் ஜீப்புக்கு ஏழு. 1947-ல் பம்பாயில் மஹிந்திரா பூட்டத் தொடங்கிய வில்லிஸ் வம்சமாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

ஒன்பது இருந்தாலும் உடனே சல்யூட் அடிக்காதீர்கள், கிரில்லை மாற்றிவிடலாம். குனிந்து, சேஸிஸின் முன் குறுக்குச் சட்டத்தைப் பாருங்கள். உருண்டைக் குழாய் என்றால் வில்லிஸ், பட்டையாக இருந்தால் ஃபோர்டு. அதே ஜீப்பைப் போருக்காகச் செய்துகொடுத்த ஃபோர்டு, சீர்ப் பாத்திரத்தில் பெயர் வெட்டுவதுபோல் போல்ட் தலையில்கூடத் தன் 'எஃப்' எழுத்தைப் பதித்தது.

அடுத்து இன்ஜின். அசலில் இருந்தது 2.2 லிட்டர், 60 குதிரைசக்தி பெட்ரோல் 'கோ டெவில்'. அவருடையது டீசல் சத்தம் போட்டால், கொல்லிமலைப் பாதையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளுக்குப் பயந்து யாரோ மாற்றியிருக்கிறார்கள் (புத்திசாலி!).

எல்லாமே அசல் என்றால் 2021 விதிப்படி, ஐம்பது வயது தாண்டிய வண்டிக்கு 'விஏ' வரிசை எண் கேட்கலாம். ஆனால் அன்றாட ஓட்டமும் வாடகையும் கூடாது. மிளகு மூட்டை ஏற்றுவாரா, பெருமை ஏற்றுவாரா என்று அவரையே கேளுங்கள்.