லீஃப்ஸ் தோற்றால் யார் காரணம்?

டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் ஐஸ் ஹாக்கி அணி கடைசியாக ஸ்டான்லி கோப்பையை வென்றது 1967 மே 2-ம் தேதி. அந்த அணி ஆடும் என்.எச்.எல். என்ற வட அமெரிக்க லீக்கில் அன்று இருந்தவை ஆறே அணிகள், இன்று 32. அதுவரை 13 கோப்பைகளை வாங்கி அடுக்கியிருந்த அணி, அதற்குப் பிறகு கோப்பையை வெல்லாதது இருக்கட்டும், இறுதிச் சுற்றுக்குக்கூட ஒரு தடவை போனதில்லை. அதனால் அதன் ரசிகர்களுக்கு எப்படி ஜெயிப்பது என்ற விவாதத்தில் பழக்கம் போதாது. ஏன் தோற்றோம் என்பதில் மட்டும் மூன்று தலைமுறைத் தேர்ச்சி உண்டு.

இந்த விவாதம் மனம்போன போக்கில் நடப்பதல்ல. அதற்கு ஒரு வரிசைமுறை இருக்கிறது. முதலில் மாட்டுகிறவர் கோல்கீப்பர். அடுத்து, அதிகச் சம்பளம் வாங்கும் ஆட்டக்காரர். அப்புறம் பயிற்சியாளர், பொது மேலாளர், அவருக்கு மேல் உள்ள தலைவர், கடைசியில் முதலாளி. அக்டோபரில் சீசன் தொடங்கும்போது கோல்கீப்பரில் ஆரம்பிக்கும் விசாரணை, மே மாதத்தில் முதலாளியின் வாசலுக்குப் போய்ச் சேரும். ஜூலை 1-ல் புதிய ஒப்பந்தங்கள் கையெழுத்தாகும், வழக்கு தள்ளுபடியாகும், அக்டோபரில் மறுபடியும் கோல்கீப்பர்.

தமிழ் வாசகருக்கு ஒரு விளக்கம் தேவை. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் பாஸ்கரன் தலைமையில் இந்தியா தங்கம் வாங்கிய ஹாக்கி வேறு, இது வேறு. இங்கே தரை பனிக்கட்டி, காலில் சறுக்குக் காலணி, பந்துக்குப் பதிலாக ‘பக்’ என்கிற கெட்டி ரப்பர் வட்டு. மூன்று அங்குல அகலம், ஓர் அங்குலத் தடிமன், ஏறத்தாழ 170 கிராம் எடை. நல்ல அடி விழுந்தால் மணிக்கு 160 கிலோமீட்டரைத் தொட்டுவிடும். ஆறடி அகலமும் நான்கடி உயரமும் உள்ள கோலுக்கு முன்னால் உடம்பெல்லாம் திண்டு கட்டிக்கொண்டு நிற்பவர்தான் கோல்கீப்பர். வந்த அடிகளில் நூற்றுக்குத் தொண்ணூறை அவர் தடுத்துவிட்டால், நம்மூர் என்றால் தெருவில் மிட்டாய் கொடுப்பார்கள். ஐஸ் ஹாக்கியில் தொண்ணூறு என்பது வெறும் பாஸ் மார்க். தொண்ணூற்றிரண்டு எடுப்பவர் நட்சத்திரம். ஓர் ஆட்டத்துக்கு முப்பது அடி என்று வைத்துக்கொண்டால், இருவருக்கும் உள்ள வித்தியாசம் ஓர் ஆட்டத்தில் ஒரு கோல்கூட இல்லை. அந்த ஒரு கோலுக்கும் குறைவான இடைவெளியில்தான் டொராண்டோவில் பாதிப் பேச்சு நடக்கிறது.

1967-ல் கோப்பை வென்றபோது கோலைக் காத்தவர்கள் இருவர்: ஜானி பவர், டெர்ரி சாச்சக். ஒருவருக்கு வயது 42, மற்றவருக்கு 37, கூட்டினால் 79. இந்த ஒரு தகவல் பின்னால் வந்த ஒவ்வொரு இளம் கோல்கீப்பருக்கும் எமனாகிவிட்டது. எழுபத்தொன்பது வயது செய்து காட்டியதை இருபத்தைந்து வயது ஏன் செய்யக்கூடாது என்று கேட்டால் யாரிடம் பதில் இருக்கும்?

கோல்கீப்பர் அத்தியாயத்தின் மையம் 2006-ல் நடந்த ஒரு கொடுக்கல் வாங்கல். அணியிடம் அப்போது இரண்டு இளம் கோல்கீப்பர்கள் இருந்தார்கள்: பின்லாந்தின் டூக்கா ராஸ்க், கனடாவின் ஜஸ்டின் போகி. எதிர்காலம் போகியிடம்தான் இருக்கிறது என்று நிர்வாகம் முடிவு செய்தது. ராஸ்க்கை பாஸ்டன் அணிக்குக் கொடுத்துவிட்டு ஆண்ட்ரூ ரேகிராஃப்ட் என்ற கோல்கீப்பரை வாங்கிக்கொண்டார்கள். ரேகிராஃப்ட் இரண்டு சீசன் ஆடினார்; மீதி ஒப்பந்தத்துக்குப் பணம் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். எதிர்காலம் என்று சொல்லப்பட்ட போகி என்.எச்.எல்.-இல் ஆடியது மொத்தம் ஏழு ஆட்டங்கள். ராஸ்க் 2014-ல் ஆண்டின் சிறந்த கோல்கீப்பருக்கான வெஸினா விருதை வாங்கினார். இதோடு முடிந்திருந்தால் சாதாரண வயிற்றெரிச்சல். 2013, 2018, 2019 என்று மூன்று முறை டொராண்டோவும் பாஸ்டனும் பிளே-ஆஃப் முதல் சுற்றில் மோதின. மூன்றும் கடைசி ஆட்டமான ஏழாவது ஆட்டம் வரை போயின. மூன்றிலும் டொராண்டோ தோற்றது. மூன்றிலும் எதிர்ப்பக்கக் கோலில் நின்றவர் ராஸ்க்.

அவற்றில் 2013 மே 13 ஆட்டத்தை ரசிகர்கள் பேசும் விதமே தனி. மூன்றாவது, அதாவது கடைசிக் கட்டத்தில் டொராண்டோ 4-1 என முன்னணியில் இருந்தது. பாஸ்டன் மூன்று கோல்களைப் போட்டுச் சமன்செய்து, ஓவர்டைமில் 5-4 என்று முடித்தது. அந்த இரவைப் பற்றிக் கதை சொல்லத் தொடங்குகிறவர் ‘நாலுக்கு ஒன்று’ என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். உடன் இருப்பவர்கள் மீதியை முகத்திலேயே காட்டிவிடுவார்கள்.

ராஸ்க்குக்குப் பதிலாக வந்தவர் சரியில்லை என்று அவருக்கும் பதிலாக 2007-ல் வேசா டோஸ்கலாவைக் கொண்டுவந்தார்கள். 2008 மார்ச்சில் நியூயார்க் ஐலண்டர்ஸ் வீரர் ஒருவர் அரங்கின் மறுகோடியிலிருந்து சும்மா தட்டிவிட்ட பக், பனித்தரையில் குதித்துக் குதித்து வந்து இவரையும் தாண்டி உள்ளே போனது. அடித்தவர் கோல் எதிர்பார்த்து அடிக்கவில்லை என்பதுதான் அதன் சிறப்பு.

எதிரணிக் கோல்கீப்பர்களாலும் டொராண்டோவுக்கு இடைஞ்சல் உண்டு. 2020 பிப்ரவரி 22 அன்று கரோலினா அணியின் இரண்டு கோல்கீப்பர்களும் ஒரே ஆட்டத்தில் காயம்பட்டார்கள். அன்றைய விதிப்படி, உள்ளூரில் அவசரத்துக்கென்று வைத்திருக்கும் ஆள் இறங்கலாம். இறங்கியவர் டேவிட் ஏர்ஸ், வயது 42, சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். பனித்தரையைச் சமன்செய்யும் ஸாம்போனி வண்டியை ஓட்டியவர் என்பதால் பெயர் பெற்றவர். லீஃப்ஸ் வீரர்களுக்கே பயிற்சியில் கோல்கீப்பராக நின்றவர். முதல் இரண்டு அடிகளும் உள்ளே போய்விட்டன. அடுத்து வந்த எட்டையும் தடுத்தார். கரோலினா 6-3 என்று ஜெயித்தது. அன்று காயம்பட்டு வெளியே போன இருவரில் ஒருவர் ஜேம்ஸ் ரைமர். 2013-இல் அந்த நாலுக்கு ஒன்று இரவில் டொராண்டோ கோலில் நின்றவர் அவரே. இன்னொருவர் பீட்டர் மிராஸெக். அடுத்த ஆண்டு அவரை டொராண்டோ மூன்று வருட ஒப்பந்தத்தில் எடுத்து, ஒரே வருடத்தில் சிகாகோவுக்கு அனுப்பிவிட்டது. இந்த அளவுக்கு இழை பின்னும் கதையை எந்த நாவலாசிரியரும் துணிந்து எழுதமாட்டார்.

கோல்கீப்பருக்கு அடுத்தபடி ஒப்பந்தங்கள். 2005 முதல் லீக்கில் சம்பள உச்சவரம்பு இருக்கிறது. அணி எவ்வளவு பணக்கார அணியாக இருந்தாலும் வீரர்களின் மொத்தச் சம்பளம் அந்த வரம்புக்குள் அடங்கவேண்டும். இதனால் ரசிகர்கள் எல்லோரும் கணக்குப்பிள்ளைகளாகிவிட்டார்கள். வீரரின் பிறந்த ஊர் மறந்தாலும் அவர் சம்பளம் வரம்பில் எத்தனை சதவீதம் என்பது மறக்காது.

கணக்குப்பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகம் டேவிட் கிளார்க்சன். உள்ளூர்க்காரர், முரட்டு ஆட்டக்காரர். 2013 ஜூலையில் ஏழு வருடத்துக்கு 3.675 கோடி டாலர் என்று கையெழுத்தானபோது மகிழ்ந்தவர்கள் ஏராளம். சீசன் தொடங்கும் முன்பே ஒரு பயிற்சி ஆட்டத்தில் நடந்த கைகலப்பில் பெஞ்சைத் தாண்டிக் குதித்து, பத்து ஆட்டத் தடையோடு ஆரம்பித்தார். இரண்டு சீசனில் அடித்த கோல் 15. 2015-இல் அவரைக் கொலம்பஸ் அணிக்குக் கொடுத்து நேதன் ஹார்டனை வாங்கினார்கள். ஹார்டனுக்கு முதுகில் காயம். இனி ஆடவே முடியாது என்பது தெரிந்தே வாங்கியது. ஆடாத ஆளுக்குச் சம்பளம் கொடுக்கும் வசதி டொராண்டோவுக்கு இருந்தது. நீண்டகாலக் காயப் பட்டியலில் உள்ளவரின் சம்பளத்துக்கு வரம்பில் சலுகையும் உண்டு. இது புத்திசாலித்தனம் என்று எல்லோரும் மெச்சினார்கள். 2019-இல் அதே சலுகைக்காக இன்னொரு காயக்காரர் தேவைப்பட்டபோது, வேகஸ் அணியிடமிருந்து ஓர் ஒப்பந்தத்தை வாங்கினார்கள். இதற்கிடையில் காயம்பட்டு வேகஸின் கணக்குக்குப் போயிருந்த டேவிட் கிளார்க்சனுடையது அது. ஆக, ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளப்பட்ட இருவரும் டொராண்டோவின் கணக்கிலேயே வந்து சேர்ந்தார்கள்; இருவருமே ஆடவில்லை. அந்த ஒப்பந்தத்துக்கு மாற்றாக டொராண்டோ அனுப்பியவர் ஒரு கோல்கீப்பர் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பெரிய ஒப்பந்தங்களில் ஜான் டவாரஸுடையது உணர்ச்சிமயமானது. 2018 ஜூலை 1 அன்று ஏழு வருடம், 7.7 கோடி டாலர். அன்றே அவர் வெளியிட்ட படத்தில், லீஃப்ஸ் சின்னம் போட்ட படுக்கை விரிப்பில் ஒரு சிறுவன் தூங்குகிறான்; சிறுவயது டவாரஸ். ஊர் உருகியது. 2019-20 சீசனுக்குள் மேத்யூஸ், மார்னர், நைலாண்டர், டவாரஸ் என்ற நட்சத்திர ஆட்டக்காரர் நால்வரின் சம்பளம் மட்டும் ஏறக்குறைய வரம்பில் பாதியாகிவிட்டது. மிச்சப் பாதியில் மீதி அணி முழுவதும் சாப்பிட வேண்டும். அந்த சீசனிலேயே கொரோனா வந்து, அடுத்த ஆண்டு வரம்பை உயராமல் நிறுத்தியது. நட்சத்திரங்களுக்குக் கொடுத்ததால் தடுப்பாட்டக்காரருக்குப் பணம் இல்லை, தடுப்பாட்டக்காரர் இல்லாததால் கோல்கீப்பர் தடுமாறுகிறார், எனவே கோல்கீப்பரை மாற்றவேண்டும். ரசிகர்களின் தர்க்கம் எங்கே சுற்றினாலும் வீடு திரும்பிவிடும்.

பயிற்சியாளர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மைக் பாப்காக் 2015-இல் எட்டு வருடம், ஐந்து கோடி டாலருக்கு வந்தார். 2019 நவம்பரில் போனார். அடுத்து ஷெல்டன் கீஃப். 2024-இல் அவரும் போக, கிரெய்க் பெருபி வந்தார்.

நிர்வாகத்தில்தான் அணியின் உண்மையான இலக்கியம் இருக்கிறது. ஹெரால்ட் பல்லார்ட் என்ற முதலாளி 1972-இல் மோசடி, திருட்டுக் குற்றங்களுக்காகச் சிறைக்குப் போனார். வெளியே வந்து, 1990-இல் இறக்கும்வரை அணியைத் தன் பிடியிலேயே வைத்திருந்தார். தொலைக்காட்சியில் வரும் ஆட்டங்களில் வீரர்களின் சட்டையில் பெயர் இருக்கவேண்டும் என்று லீக் உத்தரவிட்டது. பெயர் போட்டால் அரங்கில் பெயர்ப் பட்டியல் புத்தகம் விற்காது என்பது பல்லார்டின் கவலை. 1978-இல் நீலச் சட்டையில் அதே நீலத்தில் பெயரைத் தைத்து, உத்தரவுக்குக் கீழ்ப்படிந்துவிட்டதாகச் சொன்னார். மறு ஆண்டு பயிற்சியாளர் ரோஜர் நீல்சனை வேலையைவிட்டு நீக்கினார். மாற்று ஆள் கிடைக்கவில்லை. அவரையே திரும்பக் கூப்பிட்டார். அதோடு, மர்மப் பயிற்சியாளர் போலத் தலையில் காகிதப் பையை மாட்டிக்கொண்டு வரவேண்டும் என்று யோசனையும் சொன்னார். நீல்சன் மறுத்துவிட்டார். அந்த அணியின் வரலாற்றில் ஒருவர் தெளிவாக யோசித்த தருணங்களில் அது ஒன்று.

பிற்பாடு அணியின் பெரும் பங்கு ஒன்டாரியோ ஆசிரியர்களின் ஓய்வூதிய நிதியிடம் இருந்தது. அணி தோற்கத் தோற்க அதன் விலை ஏறியது; ஆசிரியர்கள் நிம்மதியாக ஓய்வு பெற்றார்கள். 2012-இல் அந்தப் பங்கை 132 கோடி டாலருக்கு வாங்கியவை ரோஜர்ஸ், பெல் என்ற இரு தொலைபேசி நிறுவனங்கள். வெளியே ஒன்றையொன்று விரட்டும் போட்டியாளர்கள், 2025 வரை உள்ளே கூட்டாளிகள். 2014-இல் வந்த தலைவர் பிரெண்டன் ஷானஹான் பதினோரு வருடம் இருந்தார். 2023-இல் டம்பாவை ஆறு ஆட்டங்களில் வீழ்த்தி, 2004-க்குப் பிறகு அணி முதன்முறையாக ஒரு பிளே-ஆஃப் சுற்றைத் தாண்டியது. அந்த மே மாதமே பொது மேலாளர் கைல் டூபஸ் நீக்கப்பட்டார். ஒரு சுற்று ஜெயித்ததற்கா, அடுத்த சுற்றில் புளோரிடாவிடம் தோற்றதற்கா என்பது இன்றும் மதுக்கடைகளில் முடிவாகவில்லை.

இத்தனை பேரையும் கூண்டில் ஏற்றும் ரசிகர் தன்னை மட்டும் ஏற்றிக்கொள்வதில்லை. கோபம் வந்தால் சட்டையைக் கழற்றிப் பனித்தரையில் வீசுவார். 2010 டிசம்பரில் ஒருவர் வாஃபிள்களை வீசினார். வீசிய சட்டைக்குப் பதிலாக வேறொன்று வாங்கப்படும். லீக்கிலேயே விலை அதிகமான டிக்கெட்டுகளில் டொராண்டோ டிக்கெட்டும் ஒன்று. சீசன் டிக்கெட்டுக்குக் காத்திருக்கும் பட்டியல் குறைவதில்லை. தோற்றாலும் அரங்கு நிறைகிறது என்றால் ஜெயிக்க வேண்டிய அவசரம் யாருக்கு என்று கேட்கும் ரசிகர்களும் உண்டு. அவர்களும் வரிசையில் நின்றுகொண்டேதான் கேட்கிறார்கள். ஸ்கார்பரோவில் குடியேறிய ஈழத்தமிழ்க் குடும்பங்களிலும் இது பரவிவிட்டது. தகப்பன் கிரிக்கெட்டைப் பார்த்துக் கவலைப்படுகிறார்; மகள் லீஃப்ஸைப் பார்த்துக் கவலைப்படுகிறாள். கவலைப்படும் திறமை பரம்பரைச் சொத்து. விளையாட்டு மட்டும் மாறியிருக்கிறது.

2025-இல் அணி ஒட்டாவாவைத் தாண்டி மறுபடியும் புளோரிடாவிடம் போனது. முதல் ஆட்டத்திலேயே கோல்கீப்பர் ஸ்டோலார்ஸ் தலையில் அடிபட்டு வெளியேற, ஜோசப் வோல் நின்றார். சொந்த அரங்கில் ஐந்தாவது ஆட்டம் 1-6. சொந்த அரங்கில் ஏழாவது ஆட்டமும் 1-6. ஷானஹானின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை, மார்னர் வேகஸுக்குப் போனார். கிடைத்த ஒரே ஆறுதல், அந்த இரண்டு ஆட்டங்களில் பன்னிரண்டு கோல் வாங்கியபின் கோல்கீப்பரைப் பற்றி வாதமே தேவைப்படவில்லை என்பதுதான்.

ஏப்ரல், மே மாதங்களில் டொராண்டோவுக்குப் பயணம் போகும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். விமான நிலையத்திலிருந்து டாக்ஸியில் போகும்போது வானிலை பற்றிக் கேளுங்கள், வீட்டு வாடகை பற்றிக் கேளுங்கள், கனடிய அரசியல்கூடக் கேளுங்கள். கோல்கீப்பர் எப்படி என்று மட்டும் கேட்காதீர்கள். ஓட்டுநர் இரண்டு கைகளாலும் விளக்கம் சொல்லத் தொடங்கிவிடுவார்.