காவிரிப் பாலம் வழியாக ஒரு மிதிவண்டி மனு

பெறுநர்: ஆணையர் அவர்கள், திருச்சிராப்பள்ளி மாநகராட்சி.
பொருள்: மிதிவண்டிச் சுற்றுப்பாதை – ஏற்கெனவே இருப்பது – இருப்பதாக ஒப்புக்கொள்ளக் கோருதல் – தொடர்பாக.

திருச்சியில் மூச்சு வாங்காமல் மிதித்துத் திரும்பக்கூடிய சுற்றுப்பாதை ஒன்று உண்டு. சத்திரம் பேருந்து நிலையத்துக்கு அருகில் இப்ராஹிம் பூங்காவில் தொடங்கி, காவிரிப் பாலம் தாண்டி, மாம்பழச்சாலை, அம்மா மண்டபம் வழியாக ஸ்ரீரங்கத்துத் தேர் வீதிகளைச் சுற்றி, மேலூரில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா வரை போய், திருவானைக்காவல் வழியே மறுபடி பாலத்துக்கு வருவது. பாலத்தின் ஏற்றம் தவிர மேடு என்று சொல்லத்தக்கது அதிகமில்லை. மலைக்கோட்டையைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டால் போதும். நிதானமாக மிதித்தாலும் ஒரு காலைப்பொழுதில் முடிந்துவிடும்.

இந்தப் பாதைக்குத் திட்ட மதிப்பீடு, ஒப்பந்தப்புள்ளி, பூமிபூஜை எதுவும் நடந்ததில்லை. அலுவலகக் கவனத்துக்கு வராமல் போனதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

முதலில் பாலம். 1976-இல் திறக்கப்பட்டது, நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பு. ஓரத்து நடைபாதை மாலையில் காற்று வாங்க வருபவர்களுக்குச் சொந்தம்; அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, காவிரிக் காற்று அப்படிப்பட்டது. மிதிவண்டிக்கு எஞ்சுவது நடைபாதை விளிம்புக்கும் பேருந்துக்கும் நடுவே உள்ள இடம். அதன் அகலம் ஓட்டுநரின் அன்றைய மனநிலையைப் பொறுத்தது. 2022 செப்டம்பரில் பழுதுபார்ப்புக்காகப் பாலத்தில் பெரிய வண்டிகள் நிறுத்தப்பட்டு, இருசக்கர வாகனங்களுக்கு மட்டும் கொஞ்ச காலம் வழி இருந்தது. பாலம் மிதிவண்டிக்கு உகந்ததாக இருந்த காலம் அதுதான். ஆகவே பாலத்தை அடிக்கடி பழுதுபார்ப்பதையே நகரின் மிதிவண்டிக் கொள்கையாக அறிவித்துவிடலாம். தனித்தடம் போடுவது புது வேலை; பழுதுபார்ப்பதில் அனுபவம் இருக்கிறது.

வண்டிகளை விலக்கிய பாலத்துக்குக் கொள்ளிடத்தில் முன்னுதாரணமும் உண்டு. 1928-ஆம் ஆண்டு இரும்புப் பாலம், 2016-இல் புதுப் பாலம் வந்ததும் வாகனங்களிடமிருந்து விடுபட்டு நடைப்பயிற்சிக்காரர்கள் கைக்கு வந்தது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அதன் தூண்கள் சரிந்தன. வண்டித் தொல்லை இல்லாத பாலம் இந்த ஊருக்கு வாய்த்தது இரண்டரை ஆண்டு.

அடுத்தது ஸ்ரீரங்கம். இந்தச் சுற்றின் சிறந்த பகுதி இதுவே. இங்கே வீதி போட்டவர்கள் மிதிவண்டியைக் கண்டதே இல்லை என்பது கூடுதல் சிறப்பு. உத்திர வீதி, அதற்கு வெளியே சித்திரை வீதி, அதையும் அடக்கி அடையவளஞ்சான் வீதி. தேருக்கு முட்டுக்கட்டைதான் பிரேக் என்பதால் ஏற்ற இறக்கம் வைக்க அன்றைக்கு யாருக்கும் துணிவில்லை. அதனால் வீதி சமதளம். தேர் போக வேண்டும், அதனால் அகலம். 1987-இல் கட்டி முடித்த 236 அடி ராஜகோபுரம் எங்கிருந்தும் தெரிவதால் வழிகாட்டிப் பலகைச் செலவும் மிச்சம். சிக்கல் ஒன்றுதான்: வீதியின் உண்மையான அகலம் தேரோட்டத்தன்று மட்டுமே தெரியும். மற்ற நாட்களில் இருபுறமும் கார்களும் யாத்திரை வேன்களும் நிலைகொண்டிருக்கும். தேருக்காக ஒரு நாள் விலகத் தெரிந்த வண்டிகள், ஞாயிற்றுக்கிழமை விடியலில் இரண்டு மணி நேரம் விலகி நிற்பதற்கு ஆகமத்தில் தடை இருப்பதாகத் தெரியவில்லை.

மேலூர்ப் பூங்கா வனத் துறையுடையது; 2015-இல் திறந்தது. வண்ணத்துப்பூச்சிகளுக்குச் சுமார் 25 ஏக்கர் கிடைத்திருக்கிறது. மிதிவண்டியைப் பூட்டி நிறுத்த ஓர் இரும்புக் கம்பி போதும்.

தென்கரையில் உய்யக்கொண்டான் வாய்க்கால் ஓரம் நடைபாதை இருக்கிறதே என்று பதில் வரக்கூடும். அது நடப்பவர்களுக்கானது. அவர்களை மணியடித்து விலக்குவது, பேருந்து மிதிவண்டிக்குச் செய்வதைத் திருப்பிச் செய்வதாகும்.

இதற்கிடையே அரசு ஆண்டுதோறும் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விலையில்லா மிதிவண்டி வழங்குகிறது. வண்டி கொடுக்கும் துறை வேறு, சாலை போடும் துறை வேறு. இரண்டும் சேர்ந்து வேலை செய்வது, அந்த வண்டியில் பாலம் ஏறும் மாணவியின் தலைமேல் மட்டும்தான்.

மிதிவண்டி கணக்கில் வராததற்குக் காரணம், அதிலிருந்து எதுவும் வராததே. ஒரு காலத்தில் உள்ளாட்சிகள் சைக்கிளுக்கு வரி வாங்கி வில்லை கொடுத்தன. விளக்கில்லாமல் போனாலும் டபுள்ஸ் போனாலும் போலீஸ் நிறுத்தியது. நிறுத்துவதற்காவது சைக்கிள் கண்ணில் பட்டது. வில்லை வரியை மீண்டும் விதிக்கலாம். பதிலுக்குக் கேட்பது பாலத்தில் வெள்ளைப் பெயின்டில் ஒரு கோடு, தேர் வீதியில் மேற்படி இரண்டு மணி நேரம், பூங்கா வாசலில் அந்தக் கம்பி. திறப்பு விழாவுக்குத் தடையில்லை. கல்வெட்டை மட்டும் கோட்டின்மேல் நடாமல் இருந்தால் நலம்.

நகல்: நெடுஞ்சாலைத் துறை (கோட்டுக்கு), போக்குவரத்துக் காவல் (வேன்களுக்கு), வனத் துறை (கம்பிக்கு), நீர்வளத் துறை (வாய்க்காலைக் குறிப்பிட்டதற்கு), இந்து சமய அறநிலையத் துறை (தேரைக் குறிப்பிட்டதற்கு).