காயமும் பெருங்காயமும்: முட்டி வலிக்கும் விங்கரை முதலில் எடுப்பது பற்றிய ஓர் ஆராய்ச்சி

ஞாயிறு மாலை ஐந்தரை மணி. ஜொகூரில் ஸ்கூடாய்ப் பக்கம் ஒரு தாமானின் பாடாங்கில் பதினான்கு பேர் நிற்கிறோம். தலைவர்கள் இருவர் ‘வான் து சோம்’ போடுகிறார்கள். ஒருவர் விரல்களைக் குவித்துப் பறவை காட்ட, மற்றவர் கையை முட்டியாக மடக்கிக் கல் காட்டினார். கல் ஜெயித்தது. ஜெயித்தவர் வரிசையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், “நம்ம அண்ணன்” என்றார். அந்த அண்ணன் அப்போது கோல் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்து, மைலோ ஐஸ் புங்குஸ் ஒன்றை வலது முட்டியில் வைத்து ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

இது தற்செயல் அன்று. போன வாரமும் அவரே முதல் ஆள். அதற்கு முந்திய வாரம் கணுக்காலில் கோடாலித் தைலம் மணக்க நொண்டிக்கொண்டே வந்தார், அன்றும் அவரே. ஓடக்கூடிய பதினொரு பேர் வரிசையில் நிற்க, ஓட முடியாத ஒருவரை முதலில் எடுப்பது எந்த நூல் வழக்கு? இக்கேள்விக்கு விடை காணவே இக்கட்டுரை எழுந்தது. இதில் கட்டுரையாளருக்குச் சொந்த விருப்பு வெறுப்பு ஏதும் இல்லை என்பதை முதலிலேயே பதிவு செய்கிறோம். மேற்படி அண்ணன், அதாவது நம் விங்கர், இனி ‘ஆய்வுப் பொருள்’, சுருக்கமாக ஆ.பொ., எனப்படுவார்.

முன்னோர் இதைத் தொடாமல் இல்லை, தொட்டுவிட்டு நகர்ந்துவிட்டார்கள். திருக்குறளில் 48ஆம் அதிகாரம் வலியறிதல், 49 காலமறிதல், 50 இடனறிதல், 51 தெரிந்து தெளிதல், 52 தெரிந்து வினையாடல். ஆள் பிடிக்கும் தலைவனுக்கு ஐந்து அதிகாரம், ஐம்பது குறள். இத்தனை எழுதியவர் ‘முட்டியறிதல்’ என்று இன்னும் ஒரு பத்துக் குறள் எழுதியிருந்தால் ஸ்கூடாய்க்கு இந்தச் சுமை வந்திருக்காது.

முதலில் சொல்லாராய்ச்சி. காயம் என்றால் புண். காயம் என்றால் உடம்பும்தான். சித்தர்களைக் கேட்டால் அதுதான் முதற்பொருள் என்பார்கள். ஆகவே ‘காயம்பட்ட வீரர்’ என்பதே கூறியது கூறல் என்னும் குற்றத்தின்பாற் படும்: உடம்பு இருக்கிறவன் எவனுக்கும் காயம் உண்டு. நிகண்டுப்படி காயம் என்றால் ஆகாயமும் ஆம். ஆ.பொ. இடதுகாலால் அடிக்கும் பந்து போய்ச் சேருமிடம் அதுவே. நான்காவதாக, காயம் என்பது பெருங்காயத்தின் சுருக்கம். இந்த நான்காம் பொருளில்தான் விஷயம் இருக்கிறது.

பெருங்காயம் வைத்திருந்த டப்பா என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். சரக்கு தீர்ந்து வருடக் கணக்கானாலும் மணம் போகாது. திறந்து பார்க்கிறவன் உள்ளே ஏதோ இருக்கிறது என்றே நினைப்பான். பேர் பெற்ற ஆட்டக்காரருக்கு அடிபடும்போது தலைவர்கள் எடுப்பது ஆளை அன்று, மணத்தை. இதற்குப் பெருங்காய டப்பாக் கோட்பாடு என்று பெயரிடுகிறோம். சான்றுக்குத் தூரம் போக வேண்டியதில்லை, நம் ஊர் லார்க்கின் அரங்கம் போதும்.

2013 செப்டம்பரில் ஜொகூர் டாருல் தாக்சிம், அதாவது நம் ஜேடிதி, பாப்லோ ஐமாரை ஒப்பந்தம் செய்தது. அர்ஜென்டினாக்காரர். வலென்சியாவோடு இரண்டு முறை ஸ்பானிய லீக் வென்றவர். மெஸ்ஸியே தன் சிறு வயது நாயகன் என்று சொன்ன ஆள். அப்போது வயது 33. பென்ஃபிகாவில் கடைசிப் பருவத்திலேயே காயங்களால் அதிகம் ஆடாதவர். இது தெரியாமல் எடுத்தார்கள் என்று சொல்ல முடியாது. ஊரே தெரிந்துகொண்டுதான் துள்ளியது. மெஸ்ஸியின் நாயகன் லார்க்கின் பஸ் நிலையத்துக்குக் கூப்பிடு தூரத்தில் பந்து தட்டப்போகிறார் என்றால், முட்டி எப்படி என்று யார் கேட்பார்கள்?

நடந்தது இதுதான்: லீக்கில் 8 ஆட்டம், 2 கோல். 2014 ஏப்ரலில் காயம் காரணமாக ஒப்பந்தம் முடிந்தது. அடுத்த ஆண்டு ரிவர் பிளேட்டுக்குத் திரும்பினார். அங்கும் காயம் விடவில்லை, ஓய்வு அறிவித்தார். ஐமார் விங்கர் அல்லர், நடுக்கள ஆட்டக்காரர் என்று ஒரு தடை எழலாம். எழட்டும். எந்த இடத்தில் ஆடுகிறோம் என்பது கணுக்காலுக்குத் தெரியாது.

ஆனால் கதை அங்கே முடிந்திருந்தால் ஆராய்ச்சிக்கு வேலையில்லை. அதே 2014இல் ஜேடிதி, ஐமார் பாதியில் போன பிறகும், முதல் முறையாக சூப்பர் லீக்கை வென்றது. அதிலிருந்து 2024-25 பருவம் வரை விடாமல் 11 முறை. 2015இல் துஷான்பே வரை போய் ஆசியக் காற்பந்துச் சம்மேளனக் கோப்பையையும் தூக்கி வந்தது. ஆக, டப்பாவை வாங்கியதால் சமையல் கெடவில்லை. இது பெருங்காயத்தின் பெருமையா, அடுப்பங்கரையில் மற்றச் சாமான் நிறைய இருந்ததாலா? பின்னதே என்பது நம் துணிபு. ஒரு முட்டி போனால் உட்கார வைக்கப் பெஞ்சும், அந்த இடத்தில் இறக்க இன்னொரு முட்டியும் உள்ள அணிக்கு அடிபட்டவரை எடுப்பது செலவு. பெஞ்சே இல்லாத அணிக்கு அது விபத்து. நம் பாடாங்கில் பெஞ்சு கிடையாது. செருப்புகளையும் பைக் சாவிகளையும் போட்டு வைக்கும் ஒரு புல் திட்டு உண்டு.

போகிற போக்கில் ஒன்று. 2022 நவம்பர், உலகக் கிண்ணம், மெக்சிகோவுக்கு எதிராக மெஸ்ஸி கோல் அடித்தபோது அர்ஜென்டினாவின் துணைப் பயிற்றுநர் ஒருவர் பெஞ்சில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுததை உலகமே பார்த்தது. மாமாக் கடை டிவியில் பார்த்த நாங்கள், “அட, நம்ம ஐமார்லா!” என்றோம். எட்டு ஆட்டத்துக்கு எட்டு வருடம் கழித்தும் உரிமை கொண்டாட முடிகிறது. மணம் என்பது சும்மா இல்லை.

அமெரிக்காவில் இதே வினா வேறு உடுப்பில் உலவுகிறது. அங்கே ஒரு காற்பந்து உண்டு. பெரும்பாலும் கையால் ஆடுவார்கள். அதில் ஓரமாக ஓடிப்போய்ப் பந்தைப் பிடிப்பவருக்கு வைட் ரிசீவர் என்று பெயர்; நம் விங்கருக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று கொள்க. கல்லூரி முடித்து வரும் ஆட்டக்காரர்களை, போன பருவம் தோற்ற அணி முதலில் என்று வரிசை வைத்து ஆண்டுதோறும் பங்கு போட்டுக்கொள்வார்கள். அலபாமா பல்கலைக்கழகத்தின் ஜேம்சன் வில்லியம்ஸ் 2022 ஜனவரி 10 அன்று, பருவத்தின் கடைசி ஆட்டத்தில், முட்டியின் ஏசிஎல் நாணை அறுத்துக்கொண்டார். ஏப்ரலில் பங்கு பிரிப்பு. முட்டி ஆறவேயில்லை. டெட்ராய்ட் லயன்ஸ் அணியோ மினசோட்டா வைக்கிங்ஸிடம் மூன்று தெரிவுகளைக் கொடுத்து இரண்டை வாங்கி, அவற்றில் ஒன்றான 12ஆம் இடத்தில் அவரை எடுத்தது. டிசம்பர் வரை அவர் களமிறங்கவில்லை. அந்தப் பருவம் முழுவதும் அவர் பிடித்த பந்து ஒன்றே ஒன்று. அதை 41 கெஜம் கொண்டுபோய் டச் டவுன் செய்தார். யாருக்கு எதிராக? இடத்தை விற்ற அதே வைக்கிங்ஸுக்கு எதிராக. 2024 பருவத்தில் 1,001 கெஜம். இரண்டு ஆண்டு காத்திருந்தவன் வீட்டில் பால் பொங்கியது. நம் ஆட்டத்துக்குப் பாடாங் விளக்கு ஏழரை மணிக்கு அணையும்.

இக்கால இளைஞர்கள் ஆடும் ஃபேன்டசி பிரீமியர் லீக்கில் காயத்துக்கு அளவைகூட உண்டு. ஆட்டக்காரர் பெயருக்குப் பக்கத்தில் கொடி போட்டு, அடுத்த வாரம் ஆடும் வாய்ப்பு 75 விழுக்காடு, 50, 25 என்று குறிப்பார்கள். தமிழனுக்கு இது புதிதன்று. 25 என்றால் கால் ஆடும். 75 என்றால் முக்கால் ஆடும். மனிதனுக்கு இருப்பதோ இரண்டே கால்.

ஆ.பொ.வின் காயம் மேற்கண்ட எந்த அளவையிலும் அடங்காது. ஏசிஎல் அறுந்தால் திரும்பி வர ஒன்பது மாதமாவது ஆகும். தொடையின் பின்தசை ஒருமுறை இழுத்தால் அதே இடத்தில் மறுபடி இழுக்கக்கூடும். இவையெல்லாம் மருத்துவர்கள் அறிந்த காயங்கள். ஆ.பொ.வின் முட்டி, பந்து எதிரணியிடம் போகும்போது வலிக்கிறது. நம்மிடம் திரும்பும்போது குறைகிறது. பெனால்ட்டி கிடைத்தால் அறவே நின்றுவிடுகிறது. தற்காப்புக்கு ஓடி வரச் சொன்னால் இடுப்பில் கை வைத்து வானத்தைப் பார்ப்பார். கோல் தவறினால் முட்டியைத் தடவுவார். நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு என்ற பழமொழிக்கு இத்தனை தெளிவான உரையை வேறெங்கும் நாம் கண்டதில்லை. ஒத்தடம் முடிந்ததும் அந்த மைலோ புங்குஸிலேயே ஸ்ட்ரா போட்டு உறிஞ்சிவிடுகிறார். உணவே மருந்து என்பதும் அங்கே நிறுவப்படுகிறது.

எனினும் எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை மறைப்பது ஆய்வு நெறியன்று. அது ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் பாலத்திலிருந்து வருகிறது. 2014 ஜனவரி முதல் 2024 முடியும்வரை ஜொகூரில் வார விடுமுறை வெள்ளியும் சனியும்; 2025 பிறந்ததிலிருந்துதான் மறுபடி சனியும் ஞாயிறும். அந்தப் பதினோரு வருடமும் நம் ஆட்டம் வெள்ளி மாலையில். அணியில் பாதிப் பேருக்குச் சிங்கப்பூரில் வேலை. அங்கே வெள்ளி வேலை நாள். “உட்லண்ட்ஸ்ல நிக்கிறேன்லா, பத்து நிமிசம்” என்று வாட்சப் வரும். பாலத்தின் நீளம் சுமார் ஒரு கிலோமீட்டர். பத்து நிமிடத்தில் வருவதாகச் சொன்னவர், நாங்கள் ஆடி முடித்து ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டிருக்கும்போது ஹெல்மெட்டோடு வந்து நிற்பார். முட்டி முழுசு, நுரையீரல் முழுசு, ஆள் மட்டும் இல்லை. பாலத்தில் நிற்கும் முழுக் காலைவிடப் பாடாங்கில் நிற்கும் அரைக்கால் மேல் என்று அக்காலத் தலைவர்கள் முடிவு செய்ததில் பிழை காண முடியாது. ஆ.பொ. ஒரு வாரமும் தவறியதில்லை. ஆனால் ஞாயிறுக்கு மாறியபின் எல்லோரும்தான் வருகிறார்கள். காரணம் போனது, வழக்கம் போகவில்லை.

ஏன் போகவில்லை என்பதைக் கள ஆய்வில் கேட்டோம். கல் காட்டி ஜெயித்த தலைவர் தே தாரேக்கை ஆற்றிக்கொண்டே சொன்னார்: “தம்பி, அவரு நம்ம பக்கம் ஓடாட்டி பரவால்ல. அந்தப் பக்கம் ஓடிட்டார்னா?”

இதுதான் இந்த ஆராய்ச்சியின் மையம். சில வருடங்களுக்கு முன் ஒரு தீபாவளி வாரம், ஆ.பொ. முட்டியில் துணி கட்டிக்கொண்டு, “இன்னைக்கு நிக்க மட்டும்தான்டா செய்வேன்” என்றார். நம்பி அவரை விட்டுவிட்டார்கள். அவர் எதிர்ப்பக்கம் போய் மூன்று கோல் அடித்தார். அந்த மூன்று கோலின் வட்டியில்தான் மனிதர் இன்றும் காலம் தள்ளுகிறார். அடிபட்டவரை முதலில் எடுப்பவர் தன் அணிக்கு ஆள் சேர்க்கவில்லை. எதிரணியிடமிருந்து ஒரு பயத்தை வாங்கித் தன் பக்கம் உட்கார வைக்கிறார்.

இதற்குத் தீர்வு தமிழ்ப் பிள்ளைகளிடம் எப்போதோ இருந்தது. உத்தி பிரித்தல். சம வலிவுள்ள இருவர் ஜோடியாக ஒதுங்கிப் போய் ரகசியப் பெயர் வைத்துக்கொண்டு வருவார்கள். எந்தப் பெயர் வேண்டும் என்று தலைவர்களைக் கேட்பார்கள். பெயருக்குள் யார் என்று தெரியாது. தொல்காப்பியம் மரபியலில் 32 உத்தி சொல்கிறது; இது முப்பத்து மூன்றாவது. முதல் தெரிவு என்ற பேச்சுக்கே இடமில்லாத முறை. சென்ற ஞாயிறு இதை நாம் முன்மொழிந்தோம், ஆச்சரியமாக, ஏற்றுக்கொண்டார்கள்.

அடுத்த சிக்கல், ஆ.பொ.வுக்குச் சமமான ஜோடி யார் என்பது. இரண்டு தலைவர்களும் ஒரே குரலில் கட்டுரையாளரைக் காட்டினார்கள். இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். பன்னிரண்டு தெரிவுகளில் கட்டுரையாளர் வழக்கமாகப் பதினொன்றாவது. பன்னிரண்டாமவர் பந்து கொண்டு வருபவரின் மருமகன், வயது பதின்மூன்று.

ஆ.பொ.வும் நானும் கோல் கம்பம் வரை நடந்தோம். அவர் என் தோளில் கை போட்டு நொண்டினார். “நீ என்னப்பா பேரு வெச்சிக்கிறே?” என்றார். நான் துரியான், அவர் ரம்புத்தான். திரும்பி வந்து, “துரியானா, ரம்புத்தானா?” என்று கேட்டோம். தலைவர் கொஞ்ச நேரம் யோசித்தார்.

“அதுல எது முட்டியில கட்டுப் போட்டிருக்கு?”

ஆகவே நம் முடிபு: பெஞ்சும் மருத்துவரும் இரண்டு வருடப் பொறுமையும் உள்ள அணி, காயம்பட்ட விங்கரை விருப்பம்போல் முதலிலேயே எடுத்துக்கொள்ளலாம். செருப்புத் திட்டு மட்டும் உள்ள அணி நான்காவது ஆளாக எடுக்கட்டும். அதற்கு முன் மூன்று முழு முட்டிகளைக் கைவசப்படுத்திக்கொள்ளட்டும்.

அன்றைய ஆட்டம் 3-2. ரம்புத்தான் பக்கம் ஜெயித்தது. அவர் அடித்தது ஒரு கோல், பெனால்ட்டியில், நின்ற இடத்திலிருந்து. என் இரண்டு முட்டியும் நன்றாகவே இருக்கின்றன.