மான்செஸ்டரில் ஒரு வெந்நீர் விசாரம்

மான்செஸ்டர்,
ஐப்பசி மாதம்

அன்புள்ள மாமா அவர்களுக்கு அநேக நமஸ்காரம். இவ்விடம் யாவரும் க்ஷேமம். தங்கள் க்ஷேமத்தையும், மாமியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்பதையும் விவரமாக எழுதவும்.

கேவலம் ஒரு பாய்லர் வாங்குவதற்கு ஒரு கிருகஸ்தன் வாரக்கணக்கில் ஆலோசனை செய்வானா என்று சென்ற கடிதத்தில் பரிகாசம் செய்திருந்தீர்கள். கும்பகோணத்து வீட்டில் ஸ்நான அறை மூலையில் நிற்கும் செம்பு பாய்லரில் இரண்டு கை கரியைப் போட்டுவிட்டுக் காபி சாப்பிடப் போகும் தங்களுக்கு அப்படித் தோன்றுவது நியாயமே. இந்தத் தேசத்தில், சமையலறைச் சுவரில் தொங்கும் அந்த வெள்ளைப் பெட்டியானது ஸ்நானத்துக்கு வெந்நீர் கொடுப்பதோடு நில்லாமல், அறைதோறும் பொருத்தியிருக்கும் ரேடியேட்டர்களுக்குள்ளும் வெந்நீரைச் சுற்றவிட்டு, புரட்டாசி முதல் சித்திரை வரையில் குடும்பத்தை விறைத்துப்போகாமல் ரக்ஷிக்கும் பொறுப்பையும் ஏற்றிருக்கிறது.

விலை சொல்ல வந்த ஒருவர், ரேடியேட்டர்களை விரல்விட்டு எண்ணி, ஒன்றுக்கு ஒன்றரைக் கிலோவாட் வீதம் பெருக்கி, வெந்நீருக்கென்று மேலே ஒரு தொகையையும் தாராளமாகக் கூட்டி, "35 கிலோவாட் போட்டுவிடுங்கள், பிறகு கவலையே இல்லை" என்று ஆசீர்வாதம் செய்துவிட்டுப் போனார். யாருடைய கவலை என்று அவர் சொல்லவில்லை. எங்கள் வீடோ வரிசை வீடுகளின் நடுவில் இருப்பது. இருபுறச் சுவர்களையும் அண்டை வீட்டார் தங்கள் செலவில் கதகதப்பாக வைத்திருக்கிறார்கள். வெளியே பூஜ்யத்துக்கு இரண்டு மூன்று டிகிரி கீழே போகிற இரவில்கூட, உள்ளே 21 டிகிரி நிலைத்திருப்பதற்கு, சுவர், கூரை, ஜன்னல் வழியாக நஷ்டமாகிற வெப்பத்தையெல்லாம் கணக்கிட்டுப் பார்த்தால் 7 கிலோவாட் போதும்.

அப்படியானால், இந்த மாதிரிப் பெட்டிகள் பெரும்பாலும் 24 கிலோவாட்டில் தொடங்குவானேன் என்று கேட்பீர்கள். அது முழுக்க முழுக்க ஸ்நானத்தின் பொருட்டு. தொட்டியில் சேமிக்காமல், குழாயில் ஓடுகிற தண்ணீரை ஓடுகிற வேகத்திலேயே காய்ச்சவேண்டியிருப்பதால், பனிக்காலத்துத் தண்ணீரை 35 டிகிரி உயர்த்த 24 கிலோவாட் பாய்லரால் நிமிஷத்துக்குச் சற்றேறக்குறைய 10 லிட்டரும், 35 கிலோவாட் பாய்லரால் 14 லிட்டரும் கொடுக்க முடியும். ஆனால் சமையலறைக் குழாயடியில் 10 லிட்டர் வாளியை வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தபோது, வாளி நிரம்புவதற்கும் விநாடி முள் ஒரு சுற்று முடிப்பதற்கும் ஏறக்குறைய சரியாக இருந்தது. தெருக்குழாயே கொடுக்காத தண்ணீரை எந்தக் கிலோவாட் வந்து காய்ச்சும்? இந்த ஊர்க்காரர்கள் 150 லிட்டர் தொட்டியை நிரப்பி அதில் சயனம் செய்பவர்கள்; அவர்கள் கால் மணி நேரம் காத்திருக்கவேண்டும். வாளியும் சொம்புமாகக் குளிக்கிற நமக்கு அந்தச் சிரமம் ஏது?

பெரிதாக இருந்துவிட்டுப் போகட்டுமே என்றும் விட்டுவிட முடியவில்லை. இரண்டு கிலோவாட் போதுமென்கிற பங்குனி மாதத்தில், எவ்வளவு தணிந்தாலும் ஓர் எல்லைக்குக் கீழே தணியத் தெரியாத பெரிய பாய்லர், கல்யாண அண்டாவில் இரண்டு பேருக்கு ரசம் வைத்ததுபோல, பற்றுவதும் அணைவதுமாக எரிவாயுவையும் தன் ஆயுளையும் சேர்ந்தாற்போல் விரயம் செய்கிறது. போதாக்குறைக்கு, 2005 முதல் இங்கே கட்டாயமாக்கப்பட்டிருக்கும் புதுவகை பாய்லர்கள், புகையிலுள்ள நீராவியைக் குளிரவைத்து அதன் வெப்பத்தையும் கறந்துகொள்பவை. ரேடியேட்டரிலிருந்து திரும்பி வரும் தண்ணீர் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் அந்த வித்தை பலிக்கும்; தேவைக்கு மேல் காய்ச்சிவிடுகிற பெரிய பாய்லரில் அது கஷ்டம். அவ்வாறு குளிர்ந்து சொட்டுகிற நீரை வெளியேற்றும் சிறு குழாய் கடும்பனியில் உறைந்துவிட்டாலோ, பாய்லர் மௌனவிரதம் பூண்டுவிடுகிறது. அப்போது வீட்டுக்காரர், கம்பளிக் குல்லாயும் கையுறையுமாகக் கொல்லைப்புறம் போய், அந்தக் குழாய்மீது வெதுவெதுப்பான நீரை ஊற்றி உபசரிக்கவேண்டும். வெந்நீர் போடுகிற யந்திரத்துக்கே வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிற பாக்கியம் வேறு எந்தத் தேசத்தில் கிடைக்கும், மாமா?

ஆகவே 24 கிலோவாட்டுக்கே சொல்லிவிட்டேன். காஸ் வேலை செய்ய அத்தாட்சி பெற்ற ஆசாமி அடுத்த வாரம் வந்து பொருத்துவதாக ஏற்பாடு. வருகிற வைகாசியில் தாங்களும் மாமியும் வரும்போது, ஒருவர் குளிக்கையில் இன்னொருவர் சமையலறையில் வெந்நீர்க் குழாயைத் திறந்தால் இருவருக்கும் பாதிப் பாதி வெந்நீர்தான் என்பதால், யார் முதலில் ஸ்நானம் செய்வது என்பதை விமானம் ஏறுவதற்கு முன்பே தங்களுக்குள் தீர்மானம் செய்துகொண்டு வரவேண்டுமென்று பிரார்த்திக்கும்,

தங்கள் அன்புள்ள மருமான்