மின்மினியும் ஆட் மேத்ஸும்

பினாங்குச் சம்பந்தி வீட்டாரைக் கம்போங் குவாந்தானுக்கு மின்மினி பார்க்கக் கூட்டிப்போவதென்று போன சனிக்கிழமை முடிவானது. புக்கிட் ரோத்தானில் இருக்கும் தம்பி மகனும் வந்தால் சம்பான் கலகலப்பாக இருக்குமே என்று இந்தக் கட்டுரையாளர் போன் போட்டார். "எட்டு மணிக்கு ஆட் மேத்ஸ் கிளாஸ், பெரியப்பா." ஞாயிறு? கெமிஸ்ட்ரி. திங்கள்? செஜாரா. 2013 முதல் செஜாராவில் தேறாவிட்டால் எஸ்.பி.எம். சான்றிதழே கிடையாது என்பதால் அதைத் திட்டவும் வழியில்லை. ஆற்றுக்கு இத்தனை பக்கத்தில் வளர்ந்து ஐந்தாம் படிவத்துக்கும் வந்துவிட்ட பையன், இன்னும் ஒரு மின்மினியைப் பார்த்ததில்லை.

கடுப்போடு வீடு திரும்பியவரை, டியூஷனின் நன்மைகளைப் பற்றி எழுதச் சொன்னார் ஆசிரியர். நன்மைகளுக்கு வருவோம். அதற்கு முன் அப்பாமார்களைப் பற்றி ஒரு வார்த்தை.

கடைவரிசையின் மாடியில் வகுப்பு; கீழே வரிசையாகக் கார்கள், காருக்கு ஓர் அப்பா. ஈஜோக், ஜெராம், பெஸ்தாரி ஜெயா (பழைய ஆட்களுக்கு இன்றும் பத்தாங் பெர்ஜுந்தைதான்) என்று எல்லாத் திசையிலிருந்தும் வந்திருப்பார்கள். ஒருவர் சீட்டைச் சாய்த்துக் குறட்டை. ஒருவர் காலை வணக்கம் அனுப்பிய மாமனாருக்கு இரவு ஒன்பதுக்குப் பதில் வணக்கம். மாமாக் கடையில் ஒரே தே தாரேக்கை இரண்டு மணி நேரம் உறிஞ்சுகிறவர் தனி ரகம். பேச்சைக் கேட்க வேண்டுமே! "லோகரிதம் முடிச்சிட்டாங்களாண்ணே?" "எங்க! நம்ம சாரு இன்னும் இண்டெக்ஸ்லயே நிக்கிறாரு." பேசுகிறவர் செம்பனை லோரி ஓட்டுநர். இன்னொருவரின் மகள் போன வருஷமே பரீட்சை எழுதி முடித்துவிட்டாள். அவர் மட்டும் வருகிறார். வீட்டில் பேச ஆள் இல்லையாம்.

2021இல் யூ.பி.எஸ்.ஆரை ஒழித்தார்கள், 2022இல் பி.டி.3ஐ. டியூஷன் ஒழியவில்லை, எல்லாம் எஸ்.பி.எம்.மில் வந்து குவிந்தது. மெட்ரிகுலேஷன் ஒரே வருஷம், எஸ்.டி.பி.எம். மூன்று பருவம், ஆகவே எல்லாருக்கும் மெட்ரிகுலேஷன்தான் வேண்டும். அங்கே நூற்றுக்கு 90 இடம் பூமிபுத்ராவுக்கு, மீதிப் பத்தில் மற்ற எல்லாரும். 2024இல் பிரதமர் அன்வார் இப்ராஹிம், பத்து ஏ எடுத்தால் இனம் பார்க்காமல் இடம் என்றார். நல்ல சேதிதான். ஒன்பது பாடத்தோடு நிறுத்தப் பார்த்த தம்பி, மறுநாளே பத்தாவதுக்கும் சார் தேடினான்.

இந்தக் கூத்துக்குள் ஒரு நிஜமும் உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்து டாக்டர் தம்பிராஜா 1982இல் ஸ்ரீ முருகன் நிலையம் என்ற டியூஷன் மையத்தைத் தொடங்கியது, ஏழைத் தமிழ்ப் பிள்ளைகளும் பல்கலைக்கழகப் படி ஏற வேண்டும் என்றுதான். தோட்டத்துப் பிள்ளைக்கு இன்றும் பாடத்தைவிட வண்டிதான் கஷ்டம். இருட்டினால் செம்பனைக்குள் பஸ் வராது.

கீழே காத்திருக்கும் அண்ணன்மாரே, உங்கள் பின்சீட்டு காலியாகத்தானே கிடக்கிறது? வரும் வழியில் தோட்டத்து முச்சந்தியில் ஒரு நிமிஷம் நிறுத்தி, அங்கே நிற்கும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு வாருங்கள்.