முதல் டிஜே செட்

ராயபுரத்துத் தம்பி டிஜே ஆகப்போகிறான். பட்ஜெட்டில் பாதி, முதுகில் 'டிஜே' என்று அச்சடித்த டி-ஷர்ட்டுக்கே போய்விட்டது. மீதியோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் நிற்கிறான். எந்தப் பெட்டியில் விளக்கு அதிகம் மினுக்குகிறது என்றே கண் தேடுகிறது.

தம்பி, விளக்குக்குத் திருவொற்றியூர்த் தேர் இருக்கிறது. உனக்கு இரண்டு சானல் கன்ட்ரோலர் போதும். அடுத்த பாட்டை ஊருக்கு முன் நீ மட்டும் கேட்க, ஹெட்போனுக்குத் தனி 'க்யூ' இருக்கிறதா, அதைப் பார். லேப்டாப் இருந்தால் போதும், மிக்ஸ் (Mixxx) என்ற மென்பொருள் இலவசம். ஸ்பீக்கரை வாங்காதே, தெருமுனை சவுண்ட் சர்வீஸ்காரர் வாடகைக்குத் தருவார். மேஜையையும் பானையையும் தட்டியே கானா வளர்த்த பேட்டை இது. கை பழகினால் கருவி தானாக வரும்.

இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத்தான் தடை, ஹெட்போனுக்கு இல்லை. அதில் பழகு.